ஒரு கீறலும் இல்லாமல்

பயப்படாதீங்க அக்கா. மாவுக்கட்டு போடும்போது பிள்ளைக்கு வலிக்காது. அழும். நாலு பேர் சேர்ந்து காலை அமுக்கிப் பிடித்தால் நாமே அழுவோம், பச்சைப் பிள்ளை அழாதா? பால் புட்டியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்க. டாக்டர் பாதத்தைத் திருப்புகிற நேரம் பார்த்து வாயில் கொடுத்துவிடுங்க. அவ்வளவுதான். எனக்கு இதெல்லாம் பழக்கம். பூனாவில் இருக்கும்போதே இவனுக்கு எல்லாம் பார்த்தவள் நான்.

ஆல்ட்ரின், கையை எடு. பாப்பாவைத் தொடாதே.

பாப்பாவுக்கு ரெண்டு காலுமா? இவனுக்கு வலது கால் மட்டும். பிறந்தபோது பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கையில் வாங்கின நர்ஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதோ அந்தச் சுவரில் எழுதியிருக்கிறார்களே, வளைபாதம் என்று, அதுதான். கட்டுப் போட்டுப் போட்டு நேராக்கினார்கள். பூனா டாக்டரம்மா ஒன்றுதான் சொன்னார்: நேராக்குவது என் வேலை, நேராகவே வைத்திருப்பது உன் வேலை.

கட்டுப் பிரித்த பிறகு உங்களுக்கும் ஒரு ஷூ கொடுப்பார்கள். ரெண்டு ஷூ, ரெண்டையும் சேர்த்து நடுவில் ஒரு கம்பி. பிள்ளை தூங்கும்போதெல்லாம் மாட்ட வேண்டும், நாலு வயதுவரைக்கும். ஒரு ராத்திரிகூட விடக் கூடாது. விட்டால் பாதம் பிறந்தபோது இருந்த மாதிரியே திரும்பப் பார்க்கும். நாங்கள் கம்பி ஷூ என்போம். பூனாவில் நான் ஒரு ராத்திரி விட்டதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தபோதுகூட.

அப்புறம் நீ ஏன் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாய் என்றுதானே பார்க்கிறீங்க. எல்லாம் அந்த லாரி கம்பெனியால்.

பெயரைச் சொல்ல மாட்டேன் அக்கா, கேஸ் போட்டிருக்கிறோம். வீட்டுச் சாமானை ஊர் விட்டு ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிற கம்பெனி. என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை கிடைத்தது. இவருக்குச் சொந்த ஊரே அதுதான். நான் திண்டுக்கல், கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்தவள். வீட்டைப் பார்த்து விலை சொல்ல வந்தவன் சேலத்துப் பையன், தமிழ்க் குரல் கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. “சிஸ்டர், நீங்க ஒரு டீஸ்பூனக்கூடத் தொட வேண்டாம். காலையில காபி குடிச்ச டம்ளரக் கழுவாம வெச்சிட்டுப் போங்க. தூத்துக்குடியில அதே டம்ளர் உங்க அடுப்பு மேட்டுல இருக்கும்” என்றான். சிரித்துவிட்டேன். டம்ளரைக் கழுவித்தான் வைத்தேன். கழுவாமல் வைக்க எனக்கு வராது.

ஏற்றுகிற அன்றைக்கு வந்த ஆட்கள் இந்திக்காரர்கள். அவர்கள் வேலை செய்கிற வேகம் இருக்கிறதே, கண்ணில் பட்டதையெல்லாம் சுற்றினார்கள். கொப்புளம் கொப்புளமாக இருக்குமே, அந்த பிளாஸ்டிக் தாள். குப்பைத் தொட்டியைக்கூடச் சுற்றினார்கள் அக்கா. உள்ளே நான் உரித்துப் போட்ட வாழைப்பழத் தோல் இருக்கிறது, அப்படியே சுற்றி, பெட்டியில் போட்டு, ஒட்டிவிட்டார்கள். கையில் எடுத்துப்போக வேண்டியதை எல்லாம் நான் கட்டில்மேல் குவித்து, “யே நஹீ, யே நஹீ” என்று காவல் நின்றேன்.

கம்பி ஷூவைக் கட்டில்மேல் வைக்கவில்லை. எப்படி வைப்பது? இவருடைய ஆபீஸ்காரர்கள் வழியனுப்ப வந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹாலிலிருந்து பார்த்தால் கட்டில் தெரியும். அது எப்போதும் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பையில் தொங்கும், அங்கேயே இருக்கட்டும், கிளம்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கதவில் தொங்குகிற பையை யாராவது எடுப்பார்களா? எடுத்தார்கள். ஷூ என்று பார்த்தார்கள், இவருடைய ஷூக்களோடு சேர்த்துப் போட்டார்கள்.

ரயிலில் இவன் தூங்க ஆரம்பித்தபோதுதான் பையைத் தேடினேன். சீட்டுக்கு அடியில் இருந்த பையையெல்லாம் இழுத்துப் பிரித்துப் பார்த்தேன். இவர், “விடு வினோ. லாரி நமக்கு முன்னாடிப் போய் நிக்கும். ரெண்டு நாள் மாட்டலன்னா கால் ஓடியா போகும்?” என்றார். அவர் அப்படித்தான், எதற்கும் பதற மாட்டார்.

அத்தைக்குத் தெரியாது அக்கா. இவருடைய அம்மாவைச் சொல்கிறேன். அத்தைக்கு மட்டும் இல்லை, இவர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பிரசவம் பூனாவில். அத்தைக்கு மூட்டுவலி, அவ்வளவு தூரம் வர முடியவில்லை. போட்டோ எடுத்து அனுப்பும்போது இவனுக்கு இடுப்புக்குக் கீழே ஒரு துண்டைப் போர்த்திவிடுவேன். ஞானஸ்நானத்துக்கு நீள அங்கி. அத்தை முதன்முதலில் பேரனைத் தூக்கிப் பார்க்கும்போது கால் நேராகிவிட்டது. பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் முதல் கேள்வி என்ன வரும் தெரியுமா? உங்க பக்கத்துல யாருக்கு இருக்கு என்பதுதான். எங்கள் பக்கத்தில் யாருக்கும் இல்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் நம்புவார்களா? இவருடைய தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இந்தப் பேச்சு வெளியே போனால் அந்தப் பெண்ணின் கதி என்ன? இப்படி எத்தனை யோசிக்க வேண்டியிருக்கிறது.

அத்தை வீட்டு மாடிதான் எங்களுக்கு. மாடியில் ஒன்றுமே இல்லை, வெறும் தரை. சாமான் வருகிறவரைக்கும் கீழேயே இருங்க என்றார் அத்தை. ஹாலில் அத்தைக்குக் கட்டில், கீழே பாய் போட்டு நாங்கள். நான் கையை நீட்டினால் அத்தையின் சேலை முந்தானை படும், அவ்வளவு பக்கம்.

கம்பெனிக்கு ஃபோன் செய்தோம். “நாளைக்கு வந்துடும் சார்” என்றார்கள். மறுநாளும் நாளைக்கு. அப்புறம்தான் தெரிந்தது, நம் சாமானுக்கென்று தனி லாரி கிடையாதாம். பாதி லாரி நம்முடையது, பாதி வேறு யாருடையதோ. அவர்கள் ஊர் வந்ததும் நம் சாமானை ஒரு கோடவுனில் இறக்கிவிட்டு, தெற்கே வருகிற வேறு லாரியில் இடம் கிடைக்கும்போது ஏற்றுவார்களாம். அந்த கோடவுன் பெங்களூரில். அங்கேதான் கிடந்தது எல்லாம். அதைச் சொன்னார்களா? இல்லை. லாரி ஹூப்ளியில் நிற்கிறது என்றார்கள், டிரைவருக்கு டெங்கு என்றார்கள், ஓசூரில் மழை என்றார்கள். நான் ஓசூரில் இருக்கிற என் சிநேகிதியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “இங்க வெயில் மண்டையப் பொளக்குதுடி” என்றாள்.

நான் எழுதிய கடிதங்களை நீங்க பார்க்கணும் அக்கா. முதல் பத்தியில் விஷயம், இரண்டாவதில் விவரம், மூன்றாவதில் கோரிக்கை. மதிப்பிற்குரிய ஐயாவில் தொடங்கி, தங்கள் உண்மையுள்ள என்று முடிகிறவரைக்கும் ஒரு கமா தப்பாது. நல்ல ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டால் திறக்காத கதவு கிடையாது என்று சிஸ்டர் பெனடிக்டா சொல்லிக்கொடுத்தார். ஃபிரிட்ஜ், சோபா, பீரோ, இவருடைய டிரெட்மில், அத்தைக்காக வாங்கிய மசாஜ் நாற்காலி, எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்று பதில் வரும். கருத்தா? நான் எங்கே கருத்துச் சொன்னேன், சாமானைத்தானே கேட்டேன்?

அந்த லிஸ்டில் கம்பி ஷூ இல்லை. கடிதத்தின் நகல் இவருக்குப் போகும், இவருடைய ஃபோனைத் தங்கச்சி எடுத்துப் பார்ப்பாள். எழுத முடியுமா?

கம்பெனியில் ரோஷ்னி என்று ஒரு பெண் பேசுவாள். அவள் மட்டும்தான் மனுஷி மாதிரிப் பேசினாள். எப்போதும் ஆங்கிலம்தான். எனக்கும் அவளுக்கும் ஒரே மாதிரி ஆங்கிலம், அவளும் ஏதோ கான்வென்டில் படித்தவளாக இருக்க வேண்டும். ஒருநாள் காலையில் கூப்பிட்டாள். இடுப்பில் இவன், கையெல்லாம் இட்லி மாவு, ஃபோனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். எதிரே அத்தை உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். அன்றைக்கென்று பார்த்து அவள் தமிழில் பேசினாள்.

“மேம், உங்க பெட்டி எல்லாம் கோடவுன்லதான் இருக்கு. லாரி எப்ப கிடைக்கும்னு என்னால சொல்ல முடியல, பொய் சொல்ல விரும்பல. ஆனா ஒண்ணு பண்ணலாம். மருந்து, சர்டிஃபிகேட், குழந்தைக்கு ஏதாவது, அந்த மாதிரி அவசரமா வேணும்னா சொல்லுங்க. அந்தப் பெட்டிய மட்டும் பிரிச்சு இன்னிக்கே கூரியர்ல அனுப்பச் சொல்றேன்.”

அத்தையின் கை நின்றது. கத்தி அப்படியே இருக்கிறது, கண் என்மேல் இருக்கிறது.

“பிள்ளைக்கு என்னமும் அதுல இருக்கா?” என்றார்.

“ஒண்ணுமில்ல அத்தை” என்றேன்.

ஃபோனில், “நத்திங் அர்ஜென்ட். தேங்க் யூ சோ மச்” என்றேன். தேங்க் யூ சொல்லாமல் ஃபோனை வைக்கவும் எனக்கு வராது.

என்ன செய்யச் சொல்றீங்க? அவள் ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம் இல்லையா, ஸ்பீக்கரில் இருக்கீங்களா மேம் என்று கேட்டிருக்கலாம் இல்லையா? இதெல்லாம் ஒரு ட்ரெய்னிங்கா? துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டைமாடிக்கு ஓடித் திரும்பக் கூப்பிட்டேன். யாரோ ஒரு பையன் எடுத்தான். “ரோஷ்னி இந்த டீம்ல இல்ல மேடம், இப்பதான் வேற டீமுக்கு மாத்தினாங்க. உங்க கம்ப்ளெய்ன்ட்ட இப்பதான் க்ளோஸ் பண்ணியிருக்கு. கஸ்டமர் அவசரம் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னு போட்டிருக்கு.” மறுநாள் வாட்ஸப்பில், குழந்தையின் ஷூ மிகவும் அவசியம் என்று தட்டி அனுப்பினேன். புது ஷூ வாங்கிக்கோங்க மேடம் என்று பதில் வந்தது. பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சி.

கம்பி இருக்கிற ஷூ என்று எழுதியிருக்கலாமே என்கிறீங்க. அது யார் யார் கண்ணில் படுமோ. அதோடு, நான் சொன்னால்தான் தெரியுமா அவர்களுக்கு? ஒரு தாய் பிள்ளையின் ஷூவை இத்தனை முறை கேட்கிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று படித்தவனுக்குப் புரிய வேண்டாமா?

புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம்தான். ஆனால் அது செருப்புக் கடையில் கிடைக்கிறதா, ஆஸ்பத்திரியில் அளவெடுத்துக் கொடுப்பது. தூத்துக்குடியிலேயே பெரியாஸ்பத்திரியில் கொடுப்பார்களாம். ஆனால் அங்கே மருந்து கொடுக்கிற ஜன்னலில் இவருடைய சித்தி மகள் உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் இல்லாமல் நாளைக்கு என்கிறார்களே அக்கா. நாளைக்கு வரப்போகிற ஒன்றுக்காக இன்றைக்கு எதற்கு வெளியே போய்ப் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? கிறிஸ்துமஸ் வரைக்கும் வராது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டாவது போயிருப்பேன். அவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு, நாளைக்கு என்றே சொன்னார்கள். அதுதான் என்னைக் கொன்றது.

ஒரு மத்தியானம் அத்தை ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, இவனுடைய சாதாரண ஷூவையே மாட்டி, மரஸ்கேல் ஒன்றை நடுவில் வைத்து ரிப்பனால் கட்டிப் பார்த்தேன். இவன் ஒரு உதை விட்டான், ஸ்கேல் பறந்துபோய் சாமி படத்துக்குக் கீழே விழுந்தது. கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? வாசல் கேட் சத்தம் கேட்டதும் விட்டுவிட்டேன்.

இவர் மட்டும் சும்மா இருந்தாரா என்றால், இல்லை. சண்டை போட்டார். கம்பெனிக்காரன் பெங்களூரிலிருந்து ஏற்றுவதற்குக் கூடுதலாகக் கேட்டான். முதலில் பேசினதுக்கு மேல் கேட்டான், அதனால் இவர் கொடுக்க மாட்டேன் என்றார். “இது காசு இல்ல வினோ, பிரின்சிபிள். இன்னிக்கு விட்டா நாளைக்கு ஊரெல்லாம் ஏமாத்துவான்.” சரிதானே அவர் சொல்வதும்? கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவர் ஃபோனில் கத்தும்போது ஹாலில் எல்லாரும் பெருமையாகப் பார்ப்பார்கள். கோர்ட்டுக்கு இழுப்பேன், பேப்பரில் போடுவேன் என்பார். அவன் லைனை வைத்துவிடுவான். எங்கள் பெட்டிகள் கோடவுனிலேயே இருக்கும்.

அதற்குள் இவன் நன்றாக நடக்க ஆரம்பித்துவிட்டான். நடக்கிறான் என்று எல்லாரும் கைதட்டுகிறார்கள், நான் வலது பாதத்தை மட்டும் பார்க்கிறேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சுண்டுவிரல் பக்கம் மட்டும் தரையில் படுகிற மாதிரி. பிறகு குதிகால் லேசாகத் தூக்கிக்கொண்டு. ஒருநாள் ஈரக்காலோடு ஓடினான். தரையில் இடது பாதம் முழுசாகப் பதிந்திருக்கிறது. வலது பாதம் ஒரு கோடுதான்.

“பய என்ன ஒரு பக்கமா சாய்ஞ்சு நடக்கான்?” என்றார் அத்தை.

“டைல்ஸ் வழுக்குது அத்தை.”

அத்தை அந்த ஈரத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கால்மிதியை எடுத்து அவரே அதைத் துடைத்துவிட்டுப் போனார். அவ்வளவு சுத்தம் பார்ப்பார்.

நாங்கள் வந்து நாலு மாதம் கழித்து, கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுகிற சமயத்தில்தான் சாமான் வந்தது. கடைசியில் கேட்டதைக் கொடுத்துத்தான் வந்தது. என் மாமனார் இவருக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டார், இவர் இன்னும் தன் பிரின்சிபிள் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். லாரிக்காரன் பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாலேயே கையெழுத்துக் கேட்டான். எல்லாம் நல்லபடி வந்து சேர்ந்தது என்று போட்டால்தான் இறக்குவானாம். போட்டுக் கொடுத்தோம். பிறகு பிரித்தோம்.

ஃபிரிட்ஜ் கதவு உள்ளே அமுங்கிக் கிடந்தது. டிவி நடுவில் சிலந்தி வலை மாதிரி விரிசல். பீரோ கண்ணாடி தூள். சோபாவுக்கு ஒரு கால் இல்லை. மெத்தையில் எங்கேயோ மழைத் தண்ணீர் இறங்கிப் பச்சையாகப் பூத்திருந்தது. மசாஜ் நாற்காலி என்று எழுதிய பெட்டிக்குள் யாருடைய வீட்டுத் துணி உலர்த்துகிற ஸ்டாண்டோ இருந்தது. குப்பைத் தொட்டி மட்டும் பத்திரமாக வந்தது. வாழைப்பழத் தோல் கறுத்து, காய்ந்து, உள்ளேயே இருந்தது. நாத்தனார் அதைத் தூக்கிப்பிடித்து, “அண்ணி, உங்க பொக்கிஷம்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கண் ஷூ பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தது.

அதை மட்டும் மாடி பாத்ரூமுக்குள் தூக்கிக்கொண்டுபோய்த் தாழ்ப்பாள் போட்டுப் பிரித்தேன். இவருடைய கறுப்பு ஷூவுக்கு அடியில் இருந்தது. அந்த பிளாஸ்டிக் தாளை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தான். வேறு எதையும் அப்படிச் சுற்றவில்லை அக்கா. குழந்தையுடையது என்று பார்த்துச் சுற்றியிருப்பான்போல, யாரோ பிள்ளை பெற்றவன். கம்பியில் ஒரு கீறல்கூட இல்லை. தோல் மின்னுகிறது. எத்தனையோ சாமானில் அது ஒன்றுதான் போன மாதிரியே வந்தது.

இவனை மடியில் போட்டு மாட்டினேன். இடது கால் போனது. அந்த ஷூவில் குதிகால் பக்கத்தில் சின்னதாக ஒரு ஓட்டை இருக்கும், பின்னால் நீங்களே பார்ப்பீங்க. குதிகால் சரியாக அடியில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று அதன் வழியாகப் பார்க்க வேண்டும். வலது காலை அழுத்தினேன். அழுத்த அழுத்த இவன் கத்துகிறான். இவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுத்தினேன். ஓட்டை வழியாகப் பார்த்தால் ஷூவின் அடித்தோல்தான் தெரிந்தது. குதிகால் வரவே இல்லை.

இங்கே பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து காட்டினேன், டாக்டர் திரும்ப முதலிலிருந்து மாவுக்கட்டு என்றார். இது வேகவேகமாக வளர்கிற வயது, போன தடவை மாதிரி சீக்கிரம் வளையாது, மாவுக்கட்டில் சரியாகாவிட்டால் ஒரு ஆபரேஷன், அதற்குப் பிறகும் முழுசாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அவரும் நாளைக்கு என்றாவது சொல்லியிருக்கலாம்.

கேஸா? கேஸ் நடக்கிறது. வக்கீல் நல்லவர், எங்கள் சபைக்காரர். மனுவை நான்தான் ஆங்கிலத்தில் டைப் செய்து கொடுத்தேன். உடைந்தது எல்லாம் இருக்கிறது அதில். மன உளைச்சல் என்று தனியாக ஒரு பத்தி, அதை அவரே ரொம்பப் பாராட்டினார். “குழந்தை, வயசானவங்க, யாருக்காவது உடம்புக்கு ஏதாவது பாதிப்பு உண்டா? இருந்தா கேஸ் நிக்கும். சாமான் மட்டும்னா, கையெழுத்துப் போட்டுட்டீங்களே, கஷ்டம்” என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இல்ல சார் என்றார் இவர். கோர்ட்டில் கொடுத்தால் பத்துப் பேர் படிப்பார்கள். வெறும் சாமானை வைத்தே ஜெயிக்க வேண்டியதுதான். இதுவரைக்கும் வாய்தா மேல் வாய்தா. கம்பெனி பக்கத்திலிருந்து ஒருவரும் வருவதில்லை.

இல்லை, என் வீட்டுக்காரருக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் கேட்கிறீங்க? வலது கெண்டைக்கால் கொஞ்சம் மெலிந்திருக்கும், பாதமும் ஒரு அளவு சின்னது, செருப்பு வாங்கினால் ஒன்றில் பஞ்சு வைத்துக்கொள்வார். ஷூ போட்டால் ஒன்றும் தெரியாது. அது சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்தது. கணுக்காலுக்குப் பின்னால் தையல் தழும்புகூட இருக்கிறது. அவருக்கு ஞாபகம் இல்லை, அத்தை சொல்லுவார். அது வேறு அக்கா.

இந்தக் கட்டை வீட்டில் எப்படி மறைத்தேன் என்றா? மறைக்க முடியாதே, முழங்காலுக்கு மேல்வரை வெள்ளையாக இருக்கிறது. அதற்கும் யோசித்துவிட்டேன். முதல் கட்டுக்கு முந்தின நாள் அத்தையிடம் போய், “பிள்ள கட்டில்லேருந்து விழுந்துட்டான் அத்தை, கால் பிசகின மாதிரி இருக்கு. பாளையங்கோட்டையில நல்லாப் பார்ப்பாங்களாம், கொண்டுபோய்க் காட்டிட்டு வர்றேன்” என்றேன். திட்டுவார், எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்பார் என்று நின்றேன்.

அத்தை ஒன்றும் கேட்கவில்லை. இவனை வாங்கி மடியில் போட்டார். வலது காலைப் பிடித்தார். ஒரு கையின் கட்டைவிரலை வெளிப்பக்க எலும்பின்மேல் வைத்து, மறு கையால் பாதத்தை வெளியே, மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டார். விட்டார். திரும்பவும் பிடித்தார். பூனா டாக்டரம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதேதான், விரல் வைக்கிற இடம்கூட மாறவில்லை. இவன் அழவே இல்லை.

“எப்படி அத்தை இவ்வளவு பதமா...” என்று கேட்டேன்.

“பிள்ள பெத்தவளுக்குத் தெரியாதா” என்றார். என்னைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “கட்டில்லேருந்து விழுந்தான்னே சொல்லு, வினோலியா. யார் கேட்டாலும் அதையே சொல்லு. எந்தக் கட்டில், எந்தப் பக்கமா விழுந்தான், எல்லாம் ஒண்ணு போல இருக்கணும். ஆளுக்கொண்ணு சொன்னா நிக்காது. அவன்கிட்டயும் அதையே சொல்லி வளத்துடு” என்றார்.

அவ்வளவு நம்பிவிட்டார் அக்கா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்கூடக் கலங்கியிருந்தது அவருக்கு. பேரன் விழுந்துவிட்டான் என்று.

ஆல்ட்ரின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். வா தங்கம், தூக்கிக்கொள்கிறேன். அடுத்தது நீங்கதான் அக்கா. உள்ளே டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்பார். இல்லை என்று சொல்லிவிடுங்க, நானும் அதைத்தான் சொன்னேன். ஷூ கொடுத்தால் நல்ல கனமான துணிப்பையாகப் பார்த்துப் போடுங்க, கம்பி வெளியே துருத்தக் கூடாது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி அடித்து மாட்டிவிடுங்க. அங்கே இருந்தால் யார் கண்ணிலும் படாது.